துடிப்புக் கணக்கு நம் கைக்கு வர: ஃபிட்பிட், கார்மின், ஆப்பிள், மார்புப் பட்டை ஓர் ஒப்பீடு

கையில் கட்டியிருக்கும் பேண்ட் நாள் முழுக்க இதயத் துடிப்பை அளந்துகொண்டே இருக்கிறது. ஆப்பைத் திறந்தால் ஒரு வளைகோடு, ஓய்வு நேரத் துடிப்பு 62 என்று ஓர் எண், நன்றாகத் தூங்கினீர்கள் என்று ஒரு பாராட்டு. நிறையப் பேருக்கு அது போதும். போதாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலையில் ஓடும்போது ஏழாவது நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு வேகமாக ஏறியது, மாடிப்படி ஏறி நின்ற பிறகு எத்தனை விநாடியில் இறங்கியது, இரவு 2 மணிக்குப் படபடப்புடன் விழித்தபோது எண் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் அந்த வளைகோடு உதவாது. நேரமும் எண்ணும் வரிசையாக இருக்கும் ஒரு கோப்பு வேண்டும்.

அந்தக் கோப்பைத் தருவதில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் இருக்கிறது. விலை கூடிய வாட்ச் என்றால் விவரமும் கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்பி வாங்கிவிட முடியாது. சென்சார் எடுக்கும் அளவீடு ஒரு மாதிரி, வாட்ச் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்வது ஒரு மாதிரி, சர்வருக்குப் போவது ஒரு மாதிரி, அங்கிருந்து நமக்குத் திரும்பி வருவது இன்னொரு மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் விவரம் சுருங்கிக்கொண்டே வரலாம். அதனால் வாட்ச்களை ஒப்பிடும்போது சென்சாரைப் பற்றிய விளம்பரத்தை நான் ஒதுக்கி வைத்துவிடுவேன். கடைசியில் கைக்கு வருவது என்ன, அதை யாரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, இந்த இரண்டுதான் முக்கியம்.

நிமிடமா, விநாடியா, ஒவ்வொரு துடிப்புமா?

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதை முடிவு செய்துவிட வேண்டும். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். நிமிடத்துக்கு ஓர் எண் கிடைத்தாலே தூக்கம், காய்ச்சல், காபி, கோபம் எல்லாம் துடிப்பை எப்படி அசைக்கின்றன என்று தாராளமாகப் பார்க்கலாம். ஓய்வு நேரத் துடிப்பு மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிப்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஓடுபவருக்கும் சைக்கிள் மிதிப்பவருக்கும் அது போதாது. 30 விநாடி வேகமாக ஓடி, 30 விநாடி நடந்தால், நிமிடச் சராசரியில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். பயிற்சியே நடக்காதது போல ஒரு தட்டையான கோடு மிஞ்சும். அவர்களுக்கு விநாடிக்கு ஒன்று, குறைந்தபட்சம் 5 விநாடிக்கு ஒன்று வேண்டும்.

மூன்றாவது வகைதான் பலரும் விளங்காமல் மாட்டிக்கொள்ளும் இடம். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக விநாடிக்கு ஒன்று என்று அர்த்தமில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 940 மில்லிவிநாடி இருக்கும், அடுத்த இடைவெளி 1,050 ஆக இருக்கும், அதற்கடுத்தது 990. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எச்ஆர்வி (இதயத் துடிப்பு மாறுபாடு) என்ற பெயரில் கணக்கிடுகிறார்கள். விநாடிக்கு விநாடி துடிப்பு எண் கையில் இருந்தாலும் அதிலிருந்து எச்ஆர்வியைக் கணக்கிட முடியாது, ஏனென்றால் அந்த எண்ணே பல துடிப்புகளின் சராசரி. ஆர்-ஆர் இடைவெளி என்று சொல்லப்படும் மில்லிவிநாடிக் கணக்கு தனியாக வேண்டும். அதைத் தரும் கருவிகள் மிகக் குறைவு.

பச்சை விளக்கு எங்கே தடுமாறும்

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கை எல்லோரும் பார்த்திருப்போம். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது தோலுக்கடியில் ரத்த அளவு ஒரு கணம் கூடும், திரும்பி வரும் ஒளி குறையும். அந்த மாற்றத்தை வைத்து வாட்ச் துடிப்பை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இது நன்றாகவே வேலை செய்யும். கையை வீசி ஓட ஆரம்பித்தால் சிக்கல் வரும். நிமிடத்துக்கு 165 காலடி வைத்து ஓடுகிறவரின் கை அசைவும் அதே வேகத்தில்தான் இருக்கும். வாட்ச் அந்த அசைவைத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 165 என்று காட்டும். உண்மையான துடிப்பு 140 ஆக இருக்கலாம். ஓட்டக்காரர்கள் இதைக் கேடன்ஸ் லாக் என்பார்கள். வாட்ச்சைத் தளர்வாகக் கட்டினாலும், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும், குளிரில் கை சில்லிட்டிருந்தாலும் இதே மாதிரி தடுமாற்றம் வரும்.

விநாடிக்கு ஒன்று கிடைக்கிறது என்று மகிழ்வதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தவறான எண் விநாடிக்கு ஒருமுறை வந்தாலும் தவறான எண்தான்.

ஃபிட்பிட்

நாள் முழுவதற்குமான நுணுக்கம் வேண்டும் என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது ஃபிட்பிட்டைத்தான். உடற்பயிற்சியைப் பதிவு செய்யும்போது விநாடிக்கு ஒன்று, மற்ற நேரத்தில் 5 விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அது துடிப்பைச் சேமிக்கிறது. 5 விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளில் 17,280 எண்கள். நடைமுறையில் அவ்வளவு ஒழுங்காக வராது, 5, 10, 15 விநாடி இடைவெளிகள் கலந்துதான் இருக்கும். அப்படியிருந்தும் 24 மணி நேரத்துக்கு இவ்வளவு நெருக்கமான பதிவை, அதுவும் சாதாரண பேண்ட் விலையில், பயனர் கையில் கொடுப்பது பெரிய விஷயம்.

எடுக்க இரண்டு வழிகள். எளிமையானது, கூகுளிடம் இருக்கும் நம் விவரத்தை மொத்தமாக இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட். ஃபிட்பிட்டைக் கூகுள் 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. கூகுள் கணக்குக்கு மாறியவர்கள் டேக்அவுட் பக்கத்தில் ஃபிட்பிட்டை மட்டும் டிக் செய்து ஏற்றுமதி கேட்டால், சிறிது நேரத்தில் ஒரு ஜிப் கோப்பு தயாராகும். உள்ளே நாளுக்கு ஒன்றாகத் துடிப்புக் கோப்புகள், நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் நேரம், துடிப்பு, அதோடு நம்பகத்தன்மை என்று 0 முதல் 3 வரை ஓர் எண் இருக்கும். இந்த மூன்றாவது எண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று கருவியே சொல்லிவிடுகிறது. 0 என்று இருக்கும் பதிவுகளை யோசிக்காமல் நீக்கிவிடலாம்.

இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டேக்அவுட் துடிப்புக் கோப்புகளில் நேரம் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். நமக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 6 மணிக்கு ஓடியது நள்ளிரவு 12.30 என்று தெரியும். கூட்டிக்கொள்ள மறந்தால் தூக்கத்தில் துடிப்பு 170 என்று பார்த்துப் பயந்துபோவோம்.

இரண்டாவது வழி ஏபிஐ, அதாவது நம் நிரல் அவர்களுடைய சர்வரிடம் நேரடியாக விவரம் கேட்டு வாங்கும் வாசல். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது வசதி. ஃபிட்பிட்டின் டெவலப்பர் தளத்தில் ஓர் ஆப்பைப் பதிவு செய்யும்போது, அதன் வகையைப் பர்சனல் என்று குறித்துவிட்டால் உங்கள் சொந்தக் கணக்கின் நுணுக்கமான துடிப்பு விவரம் தானாகத் திறந்துவிடும். வேறு வகையைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பித்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். பலர் திணறுவது இந்த ஒரே இடத்தில்தான். ஒரு மணி நேரத்துக்கு 150 கோரிக்கைகள் என்று வரம்பு உண்டு, ஒரு கோரிக்கையில் ஒரு நாள் விவரம்தான் வரும். ஓராண்டு விவரத்தை எடுக்க 365 கோரிக்கைகள், அதாவது மூன்றாவது மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் தினமும் ஒன்று கேட்டால் போதும்.

ஃபிட்பிட்டில் என்னைத் தயங்க வைப்பது சென்சாரோ கோப்போ அல்ல, பாதை மாறிக்கொண்டே இருப்பதுதான். 2022 அக்டோபரில் கம்ப்யூட்டர் வழியாகச் சின்க் செய்யும் வசதியை நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் இணையதள டேஷ்போர்டை மூடினார்கள். பழைய வழிகாட்டிகளைப் படித்து அந்தப் பொத்தானைத் தேடினால் கிடைக்காது. விவரம் முழுக்க அவர்களுடைய சர்வர் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பதால், இதை வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது டேக்அவுட் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

கார்மின்

கார்மினின் பெரிய பலம் யுஎஸ்பி கேபிள். ஃபோர்ரன்னர் மாதிரியான வாட்ச்சைக் கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு பென்டிரைவைப் போலத் திறக்கும். உள்ளே ஆக்டிவிட்டி என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஃபிட் (.fit) என்ற வடிவத்தில் ஒரு கோப்பு இருக்கும். அதைக் காப்பி செய்துகொண்டால் வேலை முடிந்தது. கணக்கு, அனுமதி, சர்வர் எதுவும் வேண்டாம். புதிய மாடல்கள் சிலவற்றை மேக் கம்ப்யூட்டரில் செருகினால் நேரடியாகத் தெரியாது, ஒரு கூடுதல் மென்பொருள் தேவைப்படும். விண்டோஸில் அந்தத் தொல்லை இல்லை.

இது எவ்வளவு பெரிய வசதி என்பது 2020 ஜூலையில் எல்லோருக்கும் தெரிந்தது. கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் கார்மினின் சேவைகள் பல நாட்கள் முடங்கின. ஆப் திறந்தாலும் விவரம் ஏறவில்லை. ஆனால் வாட்ச்சுக்குள் கோப்பு பத்திரமாக இருந்தது, கேபிள் வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நிறுவனமே படுத்துவிட்டாலும் பயனரின் விவரம் பயனரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஓட்டத்துக்கு விநாடி வாரியாக விவரம் வேண்டுமென்றால் ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். டேட்டா ரெக்கார்டிங் என்ற இடத்தில் ஸ்மார்ட் என்று இருந்தால், ஏதாவது மாற்றம் இருக்கும்போது மட்டும்தான் வாட்ச் பதிவு செய்யும். அதை ஒவ்வொரு விநாடியும் என்று மாற்றிவிடுங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

நாள் முழுவதற்குமான துடிப்பில் கார்மின் ஃபிட்பிட்டுக்கு ஈடில்லை. அதன் ஆப்பான கார்மின் கனெக்டில் தெரியும் அன்றாட வளைகோடு 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஒரு நாளைக்கு 720 எண்கள். தூக்கத்தையும் ஓய்வையும் பார்க்கப் போதும், மாடிப்படி ஏறியதைப் பார்க்கப் போதாது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கார்மின்டிபி என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது, அது எல்லாவற்றையும் இழுத்து, ஒரே கோப்பாக இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் போட்டுவிடும். கார்மினின் அதிகாரபூர்வ ஏபிஐ நிறுவனங்களுக்கானது, தனிநபருக்குத் தருவதில்லை.

ஃபிட் கோப்பைத் தானே பிரித்துப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் நேரம் 1989 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளாகப் பதிவாகும், கம்ப்யூட்டர் உலகம் வழக்கமாக எண்ணும் 1970 ஜனவரி 1-லிருந்து அல்ல. இதைக் கவனிக்காவிட்டால் 2024-இல் ஓடியது 2004-இல் ஓடியதாகக் காட்டும்.

ஆப்பிள் வாட்ச்

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி மிகச் சுலபம். ஹெல்த் ஆப்பில் மேலே இருக்கும் தன் படத்தைத் தொட்டு, கீழே போய் எல்லா விவரத்தையும் ஏற்றுமதி செய் என்று கொடுத்தால் ஒரு ஜிப் வரும். கணக்குத் திறக்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம், விவரம் ஃபோனிலிருந்தே வருகிறது. இந்த விஷயத்தில் ஆப்பிளைப் பாராட்டத்தான் வேண்டும்.

தொல்லை அதற்குப் பிறகுதான். உள்ளே இருப்பது ஒரே ஒரு பெரிய எக்ஸ்எம்எல் கோப்பு. காலடி, கலோரி, துடிப்பு, தூக்கம் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். சில ஆண்டுகள் வாட்ச் கட்டியவருக்கு அது ஒரு ஜிபியைக்கூடத் தாண்டும். எக்செல்லில் திறக்க முயன்றால் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும். பைத்தான் என்ற நிரல் மொழியில், கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றாமல், வரி வரியாகப் படித்துத் துடிப்புப் பதிவுகளை மட்டும் வடிகட்டும் சின்ன நிரல் போதும். நிரல் வராது என்றால், ஹெல்த் விவரத்தை, எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக மாற்றித் தரும் ஆப்கள் ஆப் ஸ்டோரில் உண்டு. அவற்றில் ஒன்றை நிறுவும் முன், விவரத்தை ஃபோனுக்குள்ளேயே வைத்து மாற்றுகிறதா, தன் சர்வருக்கு அனுப்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நுணுக்கத்தில் ஆப்பிள் இரண்டு முகம் கொண்டது. ஒர்க்அவுட் ஓடும்போது ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒன்று பதிவாகும். மற்ற நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான், அதுவும் ஒரே சீராக இருக்காது. நாள் முழுக்க நெருக்கமான பதிவு வேண்டுபவர்கள் இதனால் ஏமாந்துபோகிறார்கள். ஒர்க்அவுட்டை நாள் முழுக்க ஓட விட்டால் பேட்டரி தாங்காது. அதே சமயம் எச்ஆர்விக்காக அவ்வப்போது எடுக்கும் சிறு அளவீடுகளில், துடிப்புக்குத் துடிப்பு விவரம் அந்த எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது. சீரிஸ் 4 முதல், ஈசிஜி வசதி உள்ள மாடல்களில் எடுக்கும் 30 விநாடி ஈசிஜிகளும் தனித்தனி சிஎஸ்வியாக வந்துவிடும்.

சாம்சங், ஹெல்த் கனெக்ட், ஓரா

இவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சாம்சங் ஹெல்த் ஆப்பின் அமைப்புகளில் தனிப்பட்ட விவரத்தைப் பதிவிறக்கும் பொத்தான் இருக்கிறது, சிஎஸ்வியும் ஜேசனும் கலந்து வரும். துடிப்பு அளவீட்டைத் தொடர்ச்சியாக என்று வைத்திருக்கிறீர்களா, அசையாமல் இருக்கும்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே என்ன இருக்கும் என்பது முடிவாகும். ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்ட் ஆப்களுக்கிடையே விவரத்தைக் கடத்தும் பாலம். அனுப்பும் ஆப் எவ்வளவு நுணுக்கமாகக் கொடுக்கிறதோ அவ்வளவுதான் மறுபக்கம் வரும். ஓரா மோதிரத்தின் ஏபிஐ 5 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு எண் தருகிறது. தூக்கத்துக்கு நல்ல கருவி, ஓட்டத்துக்கு அல்ல.

விலை குறைந்த பேண்டும் கேட்ஜெட்பிரிட்ஜும்

நம் ஊரில் அதிகம் விற்பது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் பேண்டுகள். இவற்றில் பலவற்றின் ஆப்பில் ஏற்றுமதிப் பொத்தானே இருக்காது. வளைகோட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. ஆனால் ஷாவ்மி மி பேண்ட், அமேஸ்ஃபிட் போன்ற சில வரிசைகளுக்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. அதுதான் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறமூல ஆண்ட்ராய்டு ஆப். பிளே ஸ்டோரில் தேடாதீர்கள், எஃப்-டிராய்டு என்ற தளத்தில் கிடைக்கும். கம்பெனி ஆப்புக்குப் பதிலாக இதுவே பேண்டுடன் பேசும், விவரம் எந்த சர்வருக்கும் போகாது, எல்லாம் உங்கள் ஃபோனிலேயே எஸ்கியூலைட் கோப்பாக உட்கார்ந்திருக்கும். துடிப்பு அளவீட்டை நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் அந்த 1,440 எண்களும் உங்களுடையவை.

மி பேண்ட் 4 முதல் வந்த மாடல்களுக்கு ஒரு சாவி தேவை. முதலில் கம்பெனி ஆப்பில் பேண்டை ஒருமுறை இணைத்து, அந்தச் சாவியை வெளியே எடுத்து, கேட்ஜெட்பிரிட்ஜில் போட வேண்டும். ஒரு மாலை நேரத்து வேலை. பொறுமை உள்ளவர்களுக்கு, காசுக்கு ஏற்ற விவரம் என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பேண்ட் வாங்கும் முன்பே அந்த மாடல் கேட்ஜெட்பிரிட்ஜின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், வாங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை.

மார்புப் பட்டை

துடிப்புக்குத் துடிப்பு விவரம் வேண்டுமென்றால் சுற்றி வளைக்காமல் மார்புப் பட்டைக்கு வந்துவிட வேண்டும். இது ஒளியை வைத்து ஊகிப்பதில்லை. இதயம் துடிக்கும்போது எழும் மின்சாரத்தையே தோலில் தொட்டு அளக்கிறது, ஈசிஜி எடுப்பது போல. கை எப்படி வீசினாலும் இதற்குக் கவலையில்லை. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லாப் பட்டையைக் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பயிற்சியாளர்கள் வாட்ச்களைச் சோதிக்க இந்தப் பட்டையைத்தான் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள்.

பட்டையின் இன்னொரு சிறப்பு, அது பேசும் மொழி எல்லோருக்கும் பொதுவானது. புளூடூத் தரத்திலேயே இதயத் துடிப்புக்கென்று ஒரு சேவை வரையறுக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கம்பெனிப் பட்டையாக இருந்தாலும், எந்த ஃபோனாக இருந்தாலும், அதே சேவை, அதே வடிவம். ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை துடிப்பு எண்ணும், பட்டை ஆதரித்தால் ஆர்-ஆர் இடைவெளிகளும் வந்துகொண்டிருக்கும். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், இணையமே வேண்டாம். என்ஆர்எஃப் கனெக்ட் என்ற இலவச ஆப்பில் பட்டையை இணைத்தால் எண்கள் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பைத்தானில் பிளீக் என்ற நூலகத்தை வைத்துச் சில வரிகளில் லேப்டாப்பிலேயே பதிவு செய்யலாம். ஆர்-ஆர் இடைவெளி மில்லிவிநாடியில் வராது, விநாடியின் 1,024-இல் ஒரு பங்காக வரும். அதை மாற்றாமல் அப்படியே மில்லிவிநாடி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு 2.4 சதவீதம் கூடிவிடும்.

போலார் எச்10-ஐத்தான் பெரும்பாலும் சொல்வார்கள், காரணம் இருக்கிறது. ஆர்-ஆர் இடைவெளியோடு, போலார் வெளியிட்டிருக்கும் டெவலப்பர் கருவிகள் மூலம் விநாடிக்கு 130 புள்ளிகள் கொண்ட ஈசிஜி அலையையே வாங்கலாம். ஒரு பயிற்சி அளவுக்குச் சொந்த நினைவகமும் உண்டு, ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு ஓடலாம். சிஆர்2025 பேட்டரி 400 மணி நேரம் வரை ஓடும், கடையில் கிடைக்கும் பேட்டரிதான். அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு கூஸ்போ, மேஜீன் பட்டைகள் மிகக் குறைந்த விலையில் இருக்கின்றன. ஈசிஜி அலை கிடைக்காது. ஆர்-ஆர் தருகிறதா என்பதை மாடலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

குறை? நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. மார்பில் ஓர் இறுக்கம், சிலருக்குத் தோல் சிவந்துவிடும். மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும், உலர்ந்த பட்டை முதல் சில நிமிடங்களுக்குக் கன்னாபின்னா என்று எண் காட்டும். நம் வெயிலில் வியர்வைக்குப் பஞ்சமில்லை, அதனால் அப்புறம் சரியாகிவிடும். அதே வியர்வையின் உப்புதான் பட்டையைக் கெடுக்கவும் செய்யும் என்பதால், கழற்றியதும் அலசிக் காயப்போடுவது முக்கியம்.

யாருக்கு எது

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், பயிற்சி விவரம்தான் முக்கியம் என்றால் மார்புப் பட்டை. ஃபோன் ஏற்கெனவே கையில் இருக்கிறது, வேறு செலவு இல்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நாள் முழுக்கப் பார்க்க வேண்டும், நிரல் ஓரளவு வரும் என்றால் ஃபிட்பிட். இரண்டும் வேண்டும், பணமும் ஒதுக்க முடியும் என்றால் கார்மின் வாட்ச்சும் பட்டையும் சேர்ந்த கூட்டணி. பட்டையைக் கார்மினுடன் இணைத்து, எச்ஆர்வி பதிவு என்ற அமைப்பு உள்ள மாடலில் அதை ஆன் செய்துவிட்டால், ஆர்-ஆர் இடைவெளிகள் அந்த ஃபிட் கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், கேபிள் வழியாக எடுத்துக்கொள்ளலாம். நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஏற்கெனவே ஆப்பிள் வாட்ச் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம், ஒரு பட்டையைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

சர்வரை நம்பியிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் பேண்ட் நினைவிருக்கிறதா? அவ்வளவு பெரிய நிறுவனம், 2019 மே 31-உடன் அதன் ஹெல்த் சேவையை மூடியது. அதற்குள் விவரத்தை இறக்கிக்கொள்ளாதவர்களின் பழைய பதிவுகள் போயின. இன்று பல கம்பெனிகள் ஏற்றுமதிப் பொத்தானை வைத்திருப்பதற்கு 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு முக்கியக் காரணம், தன் விவரத்தை வேறிடத்துக்கு எடுத்துப்போகும் உரிமையை அது பயனருக்குத் தருகிறது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த உரிமை இல்லை. இங்கிருப்பவர்கள் அந்தப் பொத்தான் இருக்கும்போதே அழுத்திக்கொள்வதுதான் வழி.

படபடப்பு, தலைச்சுற்றல் என்று மருத்துவரிடம் காட்டுவதற்காக இதையெல்லாம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது: மணிக்கட்டு வாட்ச்சின் துடிப்பு எண்ணை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. இதயத் தாளம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஈசிஜி வேண்டும், தேவைப்பட்டால் உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் ஈசிஜி பதிவு செய்யும் ஹோல்டர் கருவி வேண்டும். 17,280 எண்களை அச்சிட்டு எடுத்துப்போகாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எப்படி உணர்ந்தீர்கள், அப்போது எண் என்ன காட்டியது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் கோப்பு, வளைகோடு எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். இரண்டு நாள் கட்டிக்கொள்ளுங்கள், ஒருமுறை ஓடுங்கள் அல்லது வேகமாக நடங்கள், உடனே ஏற்றுமதி கேளுங்கள். வரும் கோப்பைத் திறந்து, ஓடிய அரை மணி நேரத்தில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். விநாடிக்கு ஒன்று என்றால் 1,800, ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் 360, நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30. உங்களுக்கு வேண்டிய எண் அதில் இல்லையென்றால், பெட்டியும் பில்லும் பத்திரமாக இருக்கும்போதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.